கொப்பு பிடித்தவன் நகரமாட்டான்

ஆனைக்கல் கணவாயில் ஒரு காலத்தில் ஏறுவதற்கு ஒரு பாதையும் இறங்குவதற்கு ஒரு பாதையும் இருந்தன. பெருமழை ஒன்றில் இறங்குகிற பாதை மொத்தமாகச் சரிந்து பள்ளத்தாக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அதை மறுபடி போடுவார்கள் என்று சங்ககிரி லாரிக்காரர்கள் முதல் வருஷம் நம்பினார்கள், அடுத்த வருஷம் கேலி பேசினார்கள், அப்புறம் மறந்தே போனார்கள். அரசாங்கம் சாலை போடவில்லை. எப்பேர்ப்பட்ட மோசமான சாலையிலும் தானாகவே பார்த்து ஓடுகிற வண்டிகளை இறக்கிவிட்டது. குழி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டுக்கு அந்தக் குழியை மூடத் தெரியவில்லை.

அந்த வண்டிகளுக்குச் சரவண்டி என்று பெயர். ஒன்பது பெரிய லாரிகள் பூச்சரம் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஒன்றிலும் ஆள் கிடையாது. துறைமுகத்துச் சரக்கு முழுக்க அவற்றுக்குப் போய்விட்டது. மனிதர்கள் ஓட்டுகிற லாரிகளுக்கு மிஞ்சியது மாட்டுத்தீவனமும் தேங்காய் நாரும்தான். சரவண்டியின் சக்கரங்கள் குழிக்குக் குழி தாமாகவே தாழ்ந்து எழும். செங்கோடனின் லாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது விழுந்துதான் எழும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சரவண்டி சாது. ஹாரன்கூட அடிக்காது. நாய் குறுக்கே வந்தால் நிற்கும், ஆடு வந்தால் நிற்கும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேண்டுமென்றே நடுச்சாலையில் நின்று நாக்கைத் துருத்தினாலும் நின்று, அவர்கள் போகும்வரை பொறுத்திருக்கும். அதனால் அதைப் பார்த்து யாருக்கும் பயம் இல்லை. செங்கோடனுக்கும் இல்லை, அவனுடைய தங்கை புருஷன் பூபதிக்கும் இல்லை.

இருவரும் ஒரே லாரியை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். அன்றைக்குத் தீவன மூட்டை ஏற்றிக்கொண்டு கணவாய் ஏறும்போது பூபதி போனில் தன் மனைவி பூங்கொடியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். மகளைக் காலேஜில் சேர்க்கிற நாள் அது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு லோடுக்குக் கிளம்பி வந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செங்கோடனுக்கே தங்கையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நீ இருந்தும் ஒண்ணுதான், செத்தும் ஒண்ணுதான்!" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பூபதி சிரித்தான். "பாத்தீங்களா மச்சான், உங்க தங்கச்சி பேச்சை? போறப்ப ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிட்டுப் போனாத்தான் ஊட்டுக்குள்ள உடுவா."

அவன் சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் லாரி ஒரு பெரிய குழியில் இறங்கியது. பின்பக்கம் படீரென்று ஒரு சத்தம். பாரத்தைத் தாங்குகிற வில்பட்டை உடைந்து, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. நின்ற இடமோ ஒரு வளைவைத் தாண்டியவுடன். பின்னால் வருகிறவனுக்கு வளைவு திரும்புகிறவரை எதுவும் தெரியாது.

இதற்கு லாரிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சமதரையில் வண்டி நின்றுவிட்டால் ஒரு மரக்கொப்பை ஒடித்துப் பின்னால் சாலையில் போட்டால் போதும். மலை வளைவில் அது போதாது. ஓர் ஆள் வளைவுக்கு அந்தப் பக்கம் போய், நடுச்சாலையில் நின்று, கொப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். வருகிற ஓட்டுநர் பார்த்துவிட்டேன் என்பதற்கு ஒரு சின்ன ஹாரன் அடிப்பான். அது கேட்கும்வரை கொப்பு பிடித்தவன் இடத்தை விட்டு அசையக் கூடாது. அசைந்து ஓரமாகப் போனால், ஒன்றும் இல்லை போல என்று வருகிறவன் வேகத்தைக் குறைக்காமல் வந்துவிடுவான். அப்புறம் வளைவுக்கு இந்தப் பக்கம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்கிறவன் கதி அதோகதிதான். கொப்பு பிடித்தவன் நகரமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் மற்றவன் வண்டிக்கு அடியில் படுப்பதே.

செங்கோடன் ஒரு புங்கங்கொப்பை ஒடித்துப் பூபதி கையில் கொடுத்தான். "மாப்ள, அந்தப் பக்கம் போய்ப் பிடிங்க. நான் ஜாக்கி வெக்கறேன்."

வண்டிக்கு அடியில் படுத்திருந்த அவனுக்கு ஹாரன் கேட்கவில்லை. தடதடவென்று சரவண்டி ஏறி வரும் சத்தம் கேட்டது. சரி, சரவண்டிதானே, நின்றுவிடும் என்று நினைத்தான். பிறகு 'தொம்' என்று ஒரு சத்தம். அவன் வெளியே உருண்டு வருவதற்குள் ஒன்பது லாரிகளும் வளைவு திரும்பி வந்து, அவன் லாரிக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில், வரிசை குலையாமல் நின்றுவிட்டன. லாரியில் ஒரு கீறல் இல்லை. பூபதி வளைவுக்கு அந்தப் பக்கம் கிடந்தான்.

பூபதியை எரித்துவிட்டு வந்த மறுநாள் சரவண்டிக் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நல்ல மரியாதை தெரிந்தவர். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கையிலிருந்த திரையைக் காட்டினார்.

"எங்க வண்டி வீடியோ எடுத்து வெச்சுக்கறதில்லைங்க. நாடு பூரா ஓடற வண்டிக்கு அத்தனையும் வெச்சுக்க முடியாது. முக்கியமான உருவத்தை மட்டும் கோட்டுப் படமா வெச்சுக்கும்," என்றார்.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு சாலை. அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஓர் ஆள். வலது கையைத் தூக்கியபடி நிற்கிறான். கையில் ஒன்றும் இல்லை. வண்டி நெருங்குகிறது. அவன் நகரவில்லை. இன்னும் நெருங்குகிறது. அப்போதும் நகரவில்லை. அவ்வளவுதான், படம் முடிந்துவிட்டது.

"கொப்பு எங்கீங்க? நான் ஒடிச்சுக் குடுத்த கொப்பு?" என்று செங்கோடன் கேட்டான்.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லீங்களே. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல நின்னுட்டு இருந்திருப்பாரு, கடைசி நிமிஷத்துல உள்ள வந்திருக்காருங்க. வண்டி வர்றதைப் பாத்துக்கிட்டே நிக்கறாரு. அதுக்கு மேல எங்களை என்ன சொல்லச் சொல்றீங்க?" அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

பூபதியின் அம்மா மருமகளைத் திரும்பிப் பார்த்தார். பூபதி செத்த அன்றைக்குக் காலையில் போனில் பூங்கொடி கத்தியதை அடுப்படியிலிருந்து அவரும்தான் கேட்டிருந்தார். அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது. பொண்டாட்டி பேச்சு தாங்காமல் பூபதி தானே போய் வண்டி முன்னால் நின்றான் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. போலீஸ்காரர்கள் எழுதியதும் அதையேதான்.

பூங்கொடி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சோறு வேண்டாம், காப்பி வேண்டாம். மகள் தண்ணீர் கொண்டு வந்தால் ஒரு வாய் குடிப்பாள். செங்கோடன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"நான்தாண்ணா. நான்தான் செத்தும் ஒண்ணுதான்னு சொன்னேன்."

"அம்மிணி, கொப்பு பிடிச்சவன் நகரமாட்டான். நம்மூட்டுல தெரியாததா? அதனாலதான் மாப்ள நின்னாரு."

"நாய்க்கு நிக்கற வண்டிண்ணா அது. எம் புள்ளைகூடச் சின்ன வயசுல நடுரோட்டுல நின்னு நிறுத்தி விளையாடியிருக்கறா. அவரு முன்னாடியே நின்னிருந்தா அவருக்கு மட்டும் ஏன் நிக்கல? ஓரமா நின்னு, கிட்ட வந்ததும் உள்ள போயிருக்காரு. நான் சொன்னதை நெனச்சுக்கிட்டே போயிருக்காரு."

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாய்க்கு நின்ற வண்டி பூபதிக்கு ஏன் நிற்கவில்லை? இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் தங்கை அந்தப் பாயிலேயே கிடந்து போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று செங்கோடனுக்குப் பயமாக இருந்தது.

கம்பெனி வாசலில் இரண்டு நாள் போய் நின்றான். காவலாளி டீ வாங்கிக் கொடுத்தாரே தவிர உள்ளே விடவில்லை. மூன்றாம் நாள்தான் அவனுக்கு டயர் கடைக்காரர் மகளின் நினைப்பு வந்தது. தேய்ந்துபோன லாரி டயர்களுக்கு அவன் எப்போதும் புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் போடுகிற கடை அது. அந்தப் பெண் மிருதுளா அதே கம்பெனியில் வேலை பார்த்தாள். சரவண்டிகள் வழியில் கண்டதை எல்லாம் பார்த்து, இது மாடு, இது மணல் மேடு என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை.

கடைக்குப் பின்னால், பழைய டயர்கள் குவிந்து கிடந்த இடத்தில் அவள் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கேட்டதும் அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"மாமா, நான் சொல்றதை அப்பாகிட்டக்கூடச் சொல்லிராதீங்க," என்றாள். "முன்னெல்லாம் இந்த மலைல சரவண்டியை எப்படிக் கொள்ளையடிச்சானுக, ஞாபகம் இருக்குதா? ஒருத்தன் நடுரோட்டுல கொப்பு காட்டுவான். பாவம் யாரோ லாரிக்காரன்னு வண்டி நிக்கும். மத்தவனுக பின்னாடி போய்ப் பூட்டை அறுத்துருவானுக. தட்டிக் கேக்க வண்டில ஆள் கிடையாது."

"அது எப்பவோ நின்னுருச்சே கண்ணு."

"எப்படி நின்னுச்சு? கொப்பு காட்டுனா நிக்காதேன்னு வண்டிக்குச் சொல்லிட்டாங்க. ஆள் மேல ஏத்துன்னு யாரும் சொல்லல மாமா. நிக்காமப் போய்ப் பாருன்னாங்க. அது போய்ப் பாத்துச்சு. திருடன் கடைசி நேரத்துல துள்ளிக் குதிச்சு ஓடிட்டான். மறுக்கா ஒருத்தன், அவனும் ஓடிட்டான். எல்லாத் தடவையும் அதேதான். அதைப் பாத்து அது என்ன கத்துக்கும்? கொப்பு வெச்சிருக்கற ஆளு எப்படியும் விலகிருவான், நாம வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லைன்னு கத்துக்குச்சு."

"திருடன் விலகுவான். லாரிக்காரன் விலகமாட்டானே!"

"அதை அதுக்கு யாரும் காட்டலையே மாமா. இந்த ரோட்டுல இப்ப நீங்க எத்தனை பேர் ஓட்டறீங்க?"

செங்கோடன் விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினான். "அப்ப அந்தப் படத்துல கொப்பு ஏன் இல்ல?"

"இலை தழையை அது பாக்கும், ஆனா வெச்சுக்காது. மலைப்பாதைல எத்தனை இலை ஆடும்? ஆளை மட்டும் வெச்சுக்கும்."

"கையில ஒண்ணும் இல்லாம நின்னிருந்தா?"

மிருதுளா அவனைப் பார்க்காமல் சொன்னாள். "வண்டி நின்னிருக்கும் மாமா."

அந்தப் புங்கங்கொப்பை ஒடித்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே செங்கோடன் எழுந்தான். "சரி. நான் லாரி ஸ்டாண்டுல போய்ச் சொல்றேன். இனி ஒருத்தனும் கொப்பைத் தொடக் கூடாது. வெறுங்கையோட நில்லுங்கன்னு சொல்றேன்."

அவள் பதறி எழுந்து வழியை மறித்தாள். "வேண்டாம் மாமா! ஸ்டாண்டுல சொன்னாத் திருடனுக்குத் தெரியாமப் போகுமா? அவனும் கொப்பைப் போட்டுட்டு வெறுங்கையோட நிப்பான். மறுபடி கொள்ளை போகும். மறுபடி நிக்காதேம்பாங்க. வெறுங்கையோட நிக்கறவனும் விலகிருவான்னு அதையும் கத்துக்கும். அதுக்கப்புறம் அது யாருக்குமே நிக்காது."

"கம்பெனில சொல்லி மாத்தச் சொல்லேன்."

"சொன்னேன். கொள்ளை நின்னுருச்சே, நல்லா ஓடறதுல எதுக்குக் கை வெக்கறேன்னாங்க."

"அப்ப கொப்பு பிடிக்கறவன் சாகட்டுமா?"

மிருதுளா இருபத்து நான்கு வயதுப் பெண். அவளிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்டோமே என்று அவனுக்கே சங்கடமாகிவிட்டது. நம்பிக்கையான ஓட்டுநர்களிடம் மட்டும் ஒவ்வொருவராகத் தனியே சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். ஆனால் தங்கையிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவளுக்காகத்தானே இதைத் தேடிப் போனது.

பாயின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னான்.

"கொப்பை ஒடிச்சுக் கையில குடுத்தவன் நான் அம்மிணி. நான் குடுக்காம இருந்திருந்தா மாப்ள இன்னைக்கு இருந்திருப்பாரு."

பூங்கொடி எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடி முகத்தில் விழுந்திருந்தது. இப்போது சாபம் விடுவாள், இந்த வீட்டுப் படியேறாதே என்பாள் என்று அவன் காத்திருந்தான். அப்படிச் சொல்லியிருந்தால் அவனுக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

"அப்ப, சாகறதுக்குன்னு நிக்கலையாண்ணா?"

"சாகறவன் எதுக்கு அம்மிணி கொப்பு பிடிக்கறான்? வண்டிக்கு அடியில நான் படுத்திருந்தேன். எனக்காகத்தான் நின்னாரு. கொஞ்சம் முன்னாலகூட உனக்கு மைசூர்பாகு வாங்கணும்னு சொல்லிச் சிரிச்சாரு."

அவள் அவனுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். பூபதி செத்ததிலிருந்து அவள் கண்ணீர் விட்டு அழுதது அப்போதுதான். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். மகள் ஓடிப்போய்த் தோசை ஊற்றினாள். இதை வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது, ஏன் சொல்லக் கூடாது என்று செங்கோடன் விளக்கியபோது, "சரிண்ணா, எனக்குத் தெரிஞ்சாப் போதும்," என்று தலையாட்டினாள். அந்த நேரத்தில் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

கருமாதி அன்றைக்குப் பந்தியில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் லாரிக்காரர்கள். பூபதியின் அம்மா இலை போட்டுக்கொண்டே, "எம்மவனை நாக்காலயே கொன்னு போட்டவ கையால சோறு திங்கணும்னு எந் தலைல எழுதியிருக்குது," என்றார். பூங்கொடியின் மகள் சாம்பார் வாளியோடு நின்றவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பிள்ளையின் கண்ணிலும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பூங்கொடி கரண்டியைக் கீழே வைத்தாள். நடுப்பந்தியில் நின்று, உரத்த குரலில், ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். செங்கோடன் தடுக்கவில்லை. எந்த மனிதன் தடுப்பான்? பெற்ற மகள் முன்னால் ஒருத்தி தன் மேல் விழுந்த பழியைத் துடைக்கும்போது, வாயை மூடு என்று சொல்கிற மனசு அவனுக்கு வாய்க்கவில்லை. மாமியார் அழுதார். மகள் வந்து தாயின் தோளைக் கட்டிக்கொண்டாள். பந்தியிலிருந்து சேதி ஸ்டாண்டுக்குப் போயிற்று, ஸ்டாண்டிலிருந்து எல்லாச் சாலைகளுக்கும் போயிற்று.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. லாரிக்காரர்கள் கொப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். சரவண்டி பசுவைப்போல வந்து நின்றது. ஓட்டுநர்கள் பூங்கொடி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அக்கா உங்களால பொழச்சோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் தறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள், முகத்தில் களை வந்தது. எல்லோரையும் பழையபடி வாயாலேயே விரட்டினாள்.

பிறகு ஆனைக்கல் கணவாயில் ஒரு சரவண்டி கொள்ளை போனது. அடுத்த வாரம் இன்னொன்று. வெறுங்கையோடு ஒருத்தன் நடுச்சாலையில் நின்றானாம். "மறுபடி நிக்காதேன்னு வண்டிக்குச் சொல்லிட்டாங்களா?" என்று டயர் கடையில் செங்கோடன் மிருதுளாவிடம் கேட்டான். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள்.

பிறகு ஒருநாள் செங்கோடன் தனியாகக் கணவாய் ஏறிக்கொண்டிருந்தான். வளைவுக்கு முன்னால் ஒரு சரவண்டியின் கடைசி லாரி நின்றுகொண்டிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்தான். ஓமலூர்க்காரர் ஒருவர், நல்ல வயசாளி, சாலையில் உயிரில்லாமல் கிடந்தார். அவருடைய லாரி வளைவுக்கு அந்தப் பக்கம் பழுதாகி நின்றிருந்தது. சுற்றிலும் ஓர் இலைகூட இல்லை. இரண்டு உள்ளங்கைகளும் விரிந்தபடி இருந்தன. பின்னால் வந்து சேர்ந்த லாரிக்காரர்களோடு சேர்ந்து அவரைத் தூக்கி ஓரத்தில் கிடத்தியவனே செங்கோடன்தான்.

தங்கை வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு இலை முன்னால் உட்கார்ந்தான். சேதி அதற்குள் வந்துவிட்டிருந்தது. பூங்கொடி சோற்றைப் போட்டாள். ரசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஊற்றாமல், அவன் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணா, அவரு கையில கொப்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு அம்மிணி," என்றான் செங்கோடன். "பழைய ஆளு. எத்தனை சொன்னாலும் கேக்கல."

அவள் பெருமூச்சு விட்டாள். "ஐயோ, பாவம். நான் சொன்னது அவரு காதுல விழாமப் போச்சே," என்று சொல்லிக்கொண்டே ரசத்தை ஊற்றினாள்.

அவன் குனிந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.